மூணாம் டிவிஷன் டெலிபோன்

பன்னிரண்டு நாளாகச் செத்துக் கிடக்கிற கம்ப்யூட்டர் லைன் பன்னிரண்டு நாளும் ஒழுங்காக வேலை செய்ததாம். ஹெட் ஆபீஸ் பெண் அப்படித்தான் சொன்னாள். பாலன் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, அதற்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி காதில் வைத்தான்.

"திரும்பச் சொல்லும்மா."

"உங்க எஸ்டேட் லிஸ்டு தினமும் வருதுண்ணே. சாயங்காலம் ஏழேகாலுக்கு டான்னு வந்துடுது. எங்க பக்கம் ஒரு கோளாறும் இல்ல லா."

கோலாலம்பூரில், ஐஸ் பெட்டிபோலக் குளிர வைத்த ரூமில் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டருக்குக் காவல் இருப்பவள் இந்தப் புஷ்பவள்ளி. வேலைக்குச் சேர்ந்த நாளாக அவளுக்குச் சளி விட்டதே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டதும், பாலனுக்கு முதுகில் ஒரு சொட்டு வேர்வை இறங்கி, எங்கேயோ பாதியில் நின்றது.

1987-ஆம் வருஷம். கோலசிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவே, ஆற்றை ஒட்டிய புக்கிட் கெலுவாங் தோட்டம். தோட்டத்து ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, ஏதோ அம்மன் சிலை வந்த மாதிரி லயத்து வீட்டு ஜனம் அத்தனையும் கூடிவிட்டது. ஒரு கிழவி சூடம் கொளுத்தப் போய், மேனேஜர் துரை பாய்ந்து தடுத்திருக்கிறார். அதன் வேலை ரொம்பச் சின்னது. அன்றாடம் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்ற பெரட்டு லிஸ்டை டெலிபோன் வழியாக ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

கண்ட கண்டவன் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக ஹெட் ஆபீஸ்காரர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். இங்கிருந்து கூப்பிட்டு, தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியின் பெயரையும் ரகசியச் சொல்லையும் கொடுத்தால் அந்தக் கம்ப்யூட்டர் 'சரி' என்று சொல்லிப் பட்டென்று லைனை வெட்டிவிடும். பிறகு, விண்ணப்பப் பாரத்தில் எழுதிக் கொடுத்த நம்பருக்கு அதுவே திருப்பிக் கூப்பிடும். அந்த நம்பரில் எடுப்பவனுக்குத்தான் கதவு திறக்கும்.

பன்னிரண்டு நாளாக அது லைனை வெட்டுகிறது. திருப்பிக் கூப்பிடுவதுதான் இல்லை.

பாலன் மூன்றாவது தடவையாக ரவாங்கிலிருந்து வந்திருக்கிறான். கம்பியை மாற்றினான், மோடத்தை மாற்றினான், மோடம் பெட்டிக்குக் கீழே எலி கட்டிய கூட்டைக்கூட எடுத்துப் போட்டான். மேசை மேல் டெலிபோன் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. இன்றைக்குள் சரி செய்யாவிட்டால் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று ரிப்பேர்க் கடை முதலாளி அழகேசன் சொல்லிவிட்டார். நாளையோடு அவனுடைய ஆறு மாசத் தற்காலிக வேலை முடிகிறது. நிரந்தரம் என்று ஒரு லெட்டர் கையில் வந்தால்தான் அவன் கட்டிக்கொள்ளப்போகிற லீலாவதியின் அண்ணன் ராஜு கல்யாணத் தேதியைப் பற்றி வாயைத் திறப்பான். அவன் வாயைத் திறக்க வைப்பது முதலையின் வாயைத் திறப்பதைவிடக் கஷ்டம்.

"லிஸ்டுல எத்தன பேரும்மா?" என்று கேட்டான்.

"நாப்பத்தொண்ணு. எல்லாரும் வந்திருக்காங்க. உங்க எஸ்டேட்ல லீவே போட மாட்டாங்களா?"

பாலன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான். "அக்கா, நம்ம தோட்டத்துல மொத்தம் எத்தன பேரு?"

ஆபீஸ் கிளார்க் நாகமணி மைலோவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயசு. அவள் தும்மினால் மூணு லயத்துக் கோழி எழுந்து நிற்கும், அப்படி ஒரு தொண்டை. "எரநூத்துப் பன்னெண்டு. ஏன் தம்பி, சோறு போடப் போறியா?"

"திருப்பிக் கூப்பிடுற நம்பர் என்னன்னு பாத்துச் சொல்லும்மா," என்றான் பாலன் டெலிபோனில்.

புஷ்பவள்ளி பாரத்தை எடுத்து ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள். அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். கடைசி இரண்டு எண் பதினேழு. இந்த ஆபீஸுக்கு நாற்பத்து நாலு.

கரண்டி நின்றது. மைலோ மட்டும் கோப்பைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

"அது மூணாம் டிவிஷன் நம்பர்," என்றாள் நாகமணி. அந்தப் பெரிய தொண்டையிலிருந்து இவ்வளவு சின்னக் குரல் வரும் என்று பாலன் நினைத்ததே இல்லை.

நம்பரை மாற்ற முடியுமா என்று புஷ்பவள்ளியைக் கேட்டான். புது பாரம், மேனேஜர் கையெழுத்து, ரெண்டு வாரம். இல்லையென்றால் ஒரே வழிதான்: பாரத்தில் இருக்கிற அந்த டெலிபோனுக்கே போய், கம்ப்யூட்டர் கூப்பிடும்போது எடுத்து, அன்றைய லிஸ்டை முடித்துவிட்டு, உள்ளேயிருந்து மாற்ற வேண்டும். "பத்து நிமிஷ வேல லாண்ணே," என்று மூக்கை உறிஞ்சிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

பாலன் சந்தோஷப்பட்டான். கோளாறு இவன் கையில் இல்லை, பாரத்தில் இருக்கிறது. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"அங்க யாருக்கா இருக்கா? தினமும் போனை எடுத்து லிஸ்டு அனுப்புறது யாரு?"

நாகமணி ஜன்னலைச் சாத்தினாள். பிறகு சொன்னாள்.

பதினேழு வருஷத்துக்கு முன்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரப்பர்ப் பால்மரக் காடு. அதுதான் மூணாம் டிவிஷன். பாலமில்லாத காலம், படகில்தான் போக்குவரத்து. ஒரு நாள் காலைப் பெரட்டில் நாற்பத்தொரு பேர் பெயர் கொடுத்தார்கள். சாயங்காலம், தூரத்துப் பால்வெட்டு முடிந்து அக்கரையிலிருந்து திரும்பிய படகு நடு ஆற்றில் கவிழ்ந்தது. பெரட்டுப் புத்தகத்தில் எல்லாரும் வந்தவர்கள். வீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை. ஒரு உடம்பும் கிடைக்கவில்லை.

"நம்ம தோட்டத்து வழக்கம் ஒனக்குத் தெரியுமில்ல? செத்தவங்க பேர பதினாறாம் நாள் காரியம் முடியாம புத்தகத்துல வெட்டக்கூடாது. பெரட்டுல அந்தப் பேரையும் கூப்புடணும். ஒரு மூச்சு நின்னுட்டு அடுத்த பேருக்குப் போவணும்."

தெரியும். பாலனும் லயத்தில் பிறந்தவன்தான். அந்த ஒரு மூச்சு நேரம் கூட்டம் முழுக்கத் தரையைப் பார்ப்பதைச் சின்னதில் பார்த்திருக்கிறான்.

"ஒடம்பே கெடைக்கல. காரியம் யாரு செய்வா? ஆறு குடுத்துடும், ஆறு குடுத்துடும்னு ஒக்காந்திருந்துட்டு எல்லாக் குடும்பமும் பத்தாங் காலி, ரவாங்னு போயிருச்சி. பேரு மட்டும் புத்தகத்துல நின்னுபோச்சி. அந்தப் புத்தகம் ஐயாவு கிராணியார்கிட்ட இருந்திச்சி."

ஐயாவு அப்போது மூணாம் டிவிஷன் கிராணி. பிறகு பெரிய ஆபீஸுக்கு வந்துவிட்டார். பதினேழு வருஷமும் சாயங்காலம் ஆறரை அடித்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போவார். கள்ளுக்குப் போகிறார் என்று ஊரே சிரித்தது. நாகமணியே அதிகமாகச் சிரித்தவள். கம்ப்யூட்டர் வந்த அன்று பாரத்தை நிரப்பியவர் அவர்தான். அன்று ராத்திரியே நாற்காலியில் உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்துவிட்டார். பதினாறு முடியவில்லை என்பதால் அவர் பெயரிலேயே, அவருடைய ரகசியச் சொல்லை வைத்தே, தினமும் ஏழேகாலுக்கு நாகமணி ஹெட் ஆபீஸைக் கூப்பிட்டு வந்தாள்.

சொல்லி முடித்ததும் அவளுக்கே அது உறைத்தது. "அப்ப நாந்தான் தெனமும் அங்க மணியடிச்சிக்கிட்டு இருந்தேனா?"

"யாராவது வெளையாடுறாங்கக்கா. பக்கத்து மலாய்க் கம்பத்துப் பசங்களா இருக்கும்."

"போவாத தம்பி."

"நாளைக்கு எனக்கு லெட்டர் வேணும்கா. நீங்க ஏழேகாலுக்கு வழக்கம்போல அடிங்க. அங்க நான் எடுத்துக்கிறேன்."

நாகமணி வாசல் வரைக்கும் வந்தாள். "புத்தகம் கித்தகம் கெடந்தா தொடாத. தொறந்து ஒரு பேரு கூப்புட்டுட்டா கடசிப் பேரு வரைக்கும் கூப்புடணும். பாதியில நிறுத்துனா நிறுத்துனவன் வீட்ல ஒரு பேரு கொறையும். அது தெரியுமில்ல?"

அதுவும் தெரியும். எந்தக் கிராணியும் பெரட்டைப் பாதியில் நிறுத்தியதில்லை. இடி விழுந்தாலும் நிறுத்தியதில்லை. பாலன் சிரித்துவிட்டு ஹோண்டாவை உதைத்தான்.

மூன்று மைல். செம்மண் பாதையின் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் தோளோடு தோள் நின்றன. ஒவ்வொரு கொசுவும் கோழிக்குஞ்சு கனத்தில் முகத்தில் வந்து மோதியது. இரும்புப் பாலத்தின் பலகைகள் சக்கரத்துக்கு அடியில் கடகடவென்று பல் கிட்டின. கீழே ஆறு தேயிலைச் சாயம்போலக் கறுத்து, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடந்தது. கரையோர மரங்களில் மின்மினிகள் அப்போதுதான் பற்றிக்கொண்டிருந்தன. ஆயிரம், பத்தாயிரம், ஒரு கோடி இருக்கும். எல்லாம் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்து, யாரோ மூச்சுக்கு ஏற்ப எண்ணிக்கொடுப்பதுபோல ஒரே தாளத்தில் மினுங்கின. அழகாகத்தான் இருந்தது. அவன் பாலத்தைத் தாண்டி இறங்கியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் அணைந்தன. பிறகு எரியவில்லை.

மூணாம் டிவிஷன் ஆபீஸ், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. சுற்றிலும் இடுப்பளவு லாலாங் புல். வாசலுக்கு முன்னால் பழைய பெரட்டுக் களம் இருந்த இடத்தில் மட்டும் ஒரு புல்லும் இல்லை. மண் மிதிபட்டு மழமழவென்று கிடந்தது. அறைக்குள் டார்ச்சை அடித்தான். தூசி இல்லை, ஒட்டடை இல்லை. கூட்டிப் பெருக்கிய சிமெண்டுத் தரை. மேசை, நாற்காலி, கறுப்பு டெலிபோன். பழைய ரப்பர் ஒட்டுப்பாலின் புளித்த வாடையும், அதற்கு அடியில் ஆற்றுச் சேற்றின் வாடையும் சுவருக்குள்ளிருந்து கசிந்தன. சுவரில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. பெரட்டு மணி.

மேசை மேல் புத்தகம் திறந்தே கிடந்தது.

அவன் அதைத் தொடவில்லை, கண்ணால்தான் பார்த்தான். நாற்பத்தொரு பெயர். பெயருக்கு நேரே நாளுக்கு ஒரு சின்னக் கோடு, ஐயாவு கிராணியாரின் சுத்தமான பேனாக் கோடு, வரிசை வரிசையாக. பன்னிரண்டு நாளைக்கு முன்பு பேனாக் கோடு நின்றது. அதற்கு அடுத்த கட்டங்களில் கோடு இல்லை, விரல் ரேகை. பழுப்பு நிறத்தில், சேறு காய்ந்த விரல் ரேகை, பெயருக்கு ஒன்று. நேற்றைய கட்டத்தில் இருந்தது இன்னும் முழுசாகக் காயவில்லை.

தொழில் புத்தி விடவில்லை. டெலிபோன் கம்பியைப் பிடித்துக்கொண்டே டார்ச்சோடு போனான். மேசைக் கால், சுவர், ஜன்னல் ஓட்டை, வெளியே கம்பம். கம்பத்திலிருந்து கம்பி ஒரு முழம் தொங்கி, துருப்பிடித்த நுனியோடு முடிந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. கொடி படர்ந்திருந்தது.

பாலன் திரும்பி ஹோண்டாவைப் பார்த்தான். பத்தடி தூரம். ஓடிவிடலாம். லெட்டர் போனால் போகட்டும், ராஜு வாயைத் திறக்காவிட்டால் போகட்டும். காலை எடுத்து வைத்தான்.

உள்ளே டெலிபோன் அடித்தது.

ஏழேகால்.

அது அடித்த அடியில் தகரக் கூரை அதிர்ந்தது. மூன்றாவது மணிக்குக் கால் தானாகத் திரும்பியது. எடுக்க வேண்டிய டெலிபோனை எடுக்காமல் விடுகிற புத்தி அவனுக்கு ஆறு மாசத்தில் மறந்துபோயிருந்தது. எடுத்தான். ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டரின் கிரீச்சென்ற ஓசை. உயிருள்ள எதையும்விட அது அவனுக்கு ஆறுதலாக இருந்தது. பையிலிருந்த கைக் கம்ப்யூட்டரைத் திறந்து, ரிசீவரை அதன் இரண்டு ரப்பர் கிண்ணத்தில் பொருத்தினான். நாலு பேட்டரியில் ஓடுவது. எட்டே வரி தெரியும் சின்னத் திரை. எழுத்து வந்தது.

லிஸ்டை முடி, அப்புறம்தான் மற்றது என்றது திரை. முதல் பெயர்: தாயம்மா. வந்தாரா, இல்லையா?

இல்லை என்று தட்டினான். திரை மாறவில்லை. தாயம்மா. வந்தாரா, இல்லையா?

மறுபடி இல்லை. தாயம்மா.

மறுபடி. தாயம்மா.

எரிச்சலில்தான் அது நடந்தது. எரிச்சலும், லயத்தில் பிறந்த நாக்கும். சின்னதில் பெரட்டுக் களத்து ஓரம் நின்று ஆயிரம் தடவை கேட்ட ராகம். அவனை அறியாமல் சத்தமாக, கிராணிகள் இழுக்கிற மாதிரியே இழுத்துப் படித்துவிட்டான்.

"தாயம்மா...!"

"இருக்கேங்க."

அவனுக்குப் பின்னால். வாசலில். பெண் குரல். வாய்க்குள் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

பாலன் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. திரையில் தாயம்மா போய் ரெங்கசாமி வந்திருந்தது.

நிறுத்த முடியாது. ஒரு பெயர் கூப்பிட்டாகிவிட்டது. நிறுத்தினவன் வீட்டில் ஒரு பெயர் குறையும். அவன் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பெயர், அதுவும் இன்னும் வீட்டுக்கு வந்து சேராத பெயர். லீலாவதி. சனிக்கிழமை சாயங்காலம் ரவாங் பஸ் ஸ்டாண்டில் அவள் நிற்கிற விதம் கண்ணுக்குள் வந்தது.

"ரெங்கசாமி..."

"இருக்கேங்க."

சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு விழுந்தது.

"நல்லம்மாள்."

"இருக்கேங்க."

இன்னொரு சொட்டு. ஈரக் காலின் சதக். கொஞ்சம் கிட்டத்தில்.

"அமராவதி."

"இருக்கேங்க."

பத்து. பதினைந்து. அவன் எண்ணினான். எண்ணுவது ஒன்றுதான் மூளையைத் தலைக்குள் நிறுத்தி வைத்தது. டார்ச் மங்கியது. இருபது. பால் வாளியின் கைப்பிடி கிணுங் என்றது. யாரோ இருமினார்கள். இருமலோடு தண்ணீர் கொட்டியது. முப்பது. குளிர் முதுகைத் தொடாமல் முதுகுக்கு அருகில் நின்றது. முப்பத்தாறு. செருப்புக்குள் தண்ணீர். மேசைக்கு அடியில் தண்ணீர். நாற்பது.

நாற்பத்தொண்ணு.

"இருக்கேங்க."

பிறகு சத்தமே இல்லை. மூச்சுச் சத்தம்கூட அவனுடையது மட்டும்.

திரை மாறியது. நம்பரை மாற்றுகிற பக்கம் வந்துவிட்டது. நாற்பத்து நாலு என்று முடிகிற நம்பரைத் தட்டினான். தப்பு, மறுபடி தட்டினான். ஏற்றுக்கொண்டது. அடுத்த கேள்வி: கிராணியின் பெயர்? ஐயாவு என்று தட்டினான். இறந்துவிட்டார் என்றது திரை.

யார் சொன்னது அதற்கு?

நினைக்க நேரமில்லை. முடிக்க வேண்டும், வெளியே போக வேண்டும். பாலன் என்று தட்டினான்.

தற்காலிகமா, நிரந்தரமா?

பக்கத்திலேயே குறிப்பு இருந்தது: தற்காலிகம் என்றால் நாளைக்கு மறுபடி இதே டெலிபோனிலிருந்து வர வேண்டும். நாளைக்கா? மறுபடியா? இங்கேயா? செத்தாலும் மாட்டான். விரல் பாய்ந்து போய்த் தட்டியது.

நிரந்தரம்.

உறுதி செய்யப்பட்டது, என்றது திரை. நம்பர் மாற்றம் அடுத்த பெரட்டு முடிந்த பிறகு. நன்றி.

லைன் வெட்டியது.

திரை அணைந்தது. டார்ச்சும்.

எங்கோ தொலைவில், ஆற்றுக்கு அப்பால், நாகமணி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருந்தது. மூன்று மைல். அவளுக்குத்தான் அந்தத் தொண்டை உண்டு. பதில் கொடுக்க வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

அவன் திரும்பினான்.

மின்மினிகள் அறைக்குள் இருந்தன. தலைமுடியில், இமையில், திறந்த வாய்க்குள். ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. எரியும்போது நாற்பத்தொரு முகம் தெரிந்தது. அணையும்போது நாற்பத்தொரு இருட்டு. வாளிகளோடு, வெட்டுக் கத்திகளோடு, வரிசை கலையாமல் வாசல் வரைக்கும், வாசலுக்கு வெளியே களம் வரைக்கும் நின்றார்கள். பதினேழு வருஷம் ஊறிய முகங்கள். ஒருத்தருக்கும் கோபமில்லை. பெரட்டு முடிந்தால் கிராணி என்ன சொல்வார் என்று பார்க்கிற சாதாரண முகங்கள்.

வரிசையின் கடைசியில் ஒருத்தர் மட்டும் நனையாமல் நின்றார். புது வேட்டி, கழுத்தில் வாடிய மாலை, நெற்றியில் வெள்ளிக்காசு, தாடையைச் சுற்றித் துணிக்கட்டு. ஐயாவு கிராணியார். பாலனைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகிறவர் ஆட்டுவதுபோல. பிறகு துணிக்கட்டை அவிழ்த்து, ஒரு காலை முன்னால் வைத்து, வரிசைக்குள் புகுந்துகொண்டார். அவர் கால் பட்ட இடத்திலிருந்து வேட்டி மேலே மேலே நனைந்தது.

மேசை மேல் புத்தகத்தின் பக்கம் தானாகப் புரண்டது. புதுப் பக்கம். மேலே, கிராணி என்று அச்சடித்த இடத்துக்கு நேரே, ஈர விரலால் எழுதிய அவன் பெயர். கீழே நாற்பத்திரண்டு பெயர், கடைசியில் ஐயாவு.

ஹோண்டா பத்தடியில் நின்றது. அதற்கும் அவனுக்கும் நடுவே அவர்கள் காத்திருந்தார்கள்.

கம்பி அறுந்த டெலிபோன் மறுபடி அடித்தது.

பாலனின் கை ரிசீவரை எடுத்தது. வாய் திறந்தது. இப்போது சத்தம் வந்தது, சுத்தமாக, இழுத்து, பதினேழு வருஷம் பழகிய தொண்டைபோல.

"தாயம்மா...!"

"இருக்கேங்க."